அழுக்கை வறுத்தவர்

வாணலியில் அழுக்கை வறுக்கிற மனிதர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அடுப்பைச் சிம்மில் வைத்து, ரவை வறுப்பது போலக் கரண்டியால் விடாமல் கிளறுவார். முகத்தில் இரண்டு மாஸ்க், கையில் ரப்பர் உறை. வறுபடுவது ஆற்று மணலோ செம்மண்ணோ இல்லை. ஒரு லாரி ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற சுவரிலிருந்து பிளேடால் சுரண்டி எடுத்த பாசியும் உப்பும் கரியும். அந்தச் சுவரோரம் ஆண்கள் எதற்கு ஒதுங்குவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுரண்டிக்கொண்டு வந்தவன் நான். பத்து நிமிஷம் வறுத்தால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அந்த நாற்றம் என் சட்டையை விட்டுப் போக இரண்டு தடவை துவைக்க வேண்டியிருந்தது.

இது மூன்று நாலு வருஷத்துக்கு முந்தைய கதை. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொல்ல வாய் வரவில்லை. பாங்கில் பெரிய வேலையில் இருந்து ரிடயர் ஆனவர். திருப்பதியில் சொந்த வீடு, மாடியில் ஒரு பெரிய ஹால். அந்த ஹாலை அடைத்துக்கொண்டு ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு ரயில்வே ஸ்டேஷன். நிஜ ஸ்டேஷனை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. பிளாட்பாரம், சிக்னல், லெவல் கிராசிங், தண்ணீர் டாங்க், ஒரு சாண் நீளத்துக்குப் பெட்டிகள். கரண்டு கொடுத்தால் ரயில் ஓடும். நான் ஒயர்மேன். தண்டவாளத்துக்கும் குட்டி விளக்குகளுக்கும் ஒயர் இழுக்கத்தான் என்னைக் கூப்பிட்டார். பிறகு எப்படியோ அவருக்குச் சுவர் சுரண்டித் தருகிறவனாகவும் ஆகிப்போனேன்.

போன முதல் நாள் அந்த ஸ்டேஷன் கட்டடத்தைப் பார்த்து அசந்துவிட்டேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து, ஊசியால் ஒவ்வொரு செங்கல்லாகக் கீறி, பெயிண்ட் அடித்து, புதுப்பெண் மாதிரி வைத்திருந்தார். ரொம்ப அழகாக இருக்கிறது சார் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கறுப்பு மையை ஸ்பிரிட்டில் கரைத்து, பிரஷ்ஷில் தோய்த்து, கூரையிலிருந்து கீழே வரை அந்தச் சுவர் மேல் ஓட விட்டார். எனக்குப் பகீர் என்றது. மை செங்கல் இடுக்குகளில் எல்லாம் இறங்கியது. பத்து நிமிஷத்தில் கட்டடத்துக்கு நாற்பது வயசு கூடிவிட்டது. பிறகு துருத் தூள், கரித் தூள், வறுத்த மண் என்று ஒவ்வொன்றாகப் பஞ்சில் தொட்டுத் தடவினார். கடைசியில் பழைய டூத்பிரஷ்ஷில் சிவப்புச் சாயத்தைத் தொட்டு, கட்டை விரலால் நாரை நெருடி, மூலையில் தெளித்தார். வெற்றிலை எச்சில். அச்சு அசல். 

"சுத்தமா இருந்தா பொம்மைப்பா. அழுக்கு ஏறினாத்தான் அது ஸ்டேஷன்" என்றார், டூத்பிரஷ்ஷைத் துடைத்தபடி.

அழுக்குக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்று அடிக்கடி சொல்வார். அழுக்கு கண்ட இடத்தில் வராதாம். எச்சில் மூலையில்தான் விழும், அதுவும் மனுஷன் குனிந்து துப்புகிற உயரத்தில். பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் வட்ட வட்டமாக எண்ணெய்க் கறை இருந்தால், அது உட்கார்ந்தவர்கள் தலை சாய்த்த இடம். டிக்கெட் ஜன்னலுக்குக் கீழே விரல் அழுக்கு, முழங்கால் உயரத்தில் டிரங்குப் பெட்டி உரசிய கோடு, மழைக் குழாய் ஒழுகுகிற இடத்தில் பச்சை. இதையெல்லாம் சொல்லும்போது அவர் கண் மினுங்கும். பேரன் பேத்தியைப் பற்றிப் பேசும்போதுகூட அந்த மினுக்கத்தை நான் பார்த்ததில்லை.

திருப்பதியிலிருந்து சித்தூர் போக ஒன்றரை மணி நேரம் போதும். அவர் காரில் போனால் மூன்று மணி நேரம். எந்தச் சுவர் கண்ணில் பட்டாலும் நிறுத்துவார். ஆனால் இறங்க மாட்டார். கண்ணாடியை நாலு விரல் இறக்கி, கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜூம் பண்ணி போட்டோ எடுப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். நான் பிளேடும் காலி மாத்திரை பாட்டிலும் எடுத்துக்கொண்டு இறங்குவேன். திரும்பி வந்ததும் கையில் சானிடைசர் ஊற்றுவார், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. பாட்டிலை நேராகக் கையில் வாங்க மாட்டார். டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது, அதில் நானே வைத்து மூட வேண்டும்.

வீட்டில் அந்தப் பாட்டில்கள் எல்லாம் மசாலா டப்பா மாதிரி ஷெல்பில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் லேபிள். அவர் மனைவி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார். வறுக்கிற வாணலியின் பிடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார், தப்பித் தவறிக்கூடத் தாளிக்க எடுத்துவிடக் கூடாது என்று. அந்த அம்மாள் அந்த வீட்டில் எப்படித்தான் சோறு சாப்பிட்டாரோ.

ஒரு தடவை என்னை அழைத்துப் போக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வாங்க சார் என்று என் மனைவி இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே ஹால் சுவரை மேலும் கீழும் பார்த்தார். ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் மசால் கை பட்டிருக்கிறது, அதனால் சமைத்துக்கொண்டிருக்கும்போதே ஓடி வந்து டி.வி. போடுகிறார்கள் என்றார். ஜன்னலுக்குக் கீழே யாரோ தினமும் தரையில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்க்கிறார்கள், தேங்காய் எண்ணெய், ஜடை போடுகிறவர் என்றார். எல்லாம் சரி. பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். ஆனால் என் மனைவிக்கு நடு வீட்டில் யாரோ சேலையைப் பிடித்து இழுத்த மாதிரி ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே சோப்புத் தண்ணீர் வைத்துச் சுவர் முழுக்கத் தேய்த்தாள். அந்த ஆள் இனிமேல் இந்த வாசலுக்கு வரக் கூடாது என்றாள்.

இப்படி அழுக்கைக் கொஞ்சுகிறவருக்கு நிஜ அழுக்கு ஆகவே ஆகாது என்பதுதான் வேடிக்கை. அவர் தெருவில் ஒரு மழைக்குச் சாக்கடை பொங்கிவிட்டது. இரண்டு நாள் ஜன்னல் எதையும் திறக்கவில்லை. வாந்தி எடுத்தார், குளுக்கோஸ் ஏற்ற வேண்டி வந்தது. மூன்றாம் நாள் ஒரு ஆள் வந்து இடுப்பளவு உள்ளே இறங்கி அடைப்பை எடுத்தான். நான் அன்று மேலே வேலையில் இருந்தேன். இவர் மொட்டை மாடிக்குப் போய் காமிராவை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆளை அல்ல. தண்ணீர் வடிந்ததும் எதிர் வீட்டுக் காம்பவுண்டில் ஒரு கறுப்புக் கோடு தங்கியிருந்தது, அதை. "என்ன ஷேடு பாத்தியாப்பா, ஒரே கோட்டுல மூணு கலரு" என்று என்னிடம் காட்டினார். கீழே அந்த ஆள் குடிக்கத் தண்ணீர் கேட்டான். வாசல் கேட்டுக்கு வெளியே பாட்டிலை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொல்லி மனைவிக்கு மேலிருந்தே குரல் கொடுத்தார்.

எனக்கும் அந்த வீட்டில் பேப்பர் கப்பில்தான் காபி. கொரோனாவுக்குப் பிறகு யூஸ் அண்ட் த்ரோதான் சேஃப் என்பார். சரி, எல்லோருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் இருந்தேன். ஒரு நாள் சென்னையிலிருந்து அவரைப் போலவே ரயில் பொம்மைப் பைத்தியம் ஒருவர் வந்தார். அவருக்கு எவர்சில்வர் டம்ளர் டவராவில் காபி வந்தது. அதே தட்டில் பக்கத்திலேயே என் பேப்பர் கப். நான் ஒன்றும் கேட்கவில்லை. குடித்துவிட்டுக் கப்பை நசுக்கிக் குப்பையில் போட்டேன். கேட்டிருக்க வேண்டும். கேட்காததற்குக் காரணம் அவர் இல்லை, நான்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் மேஜையில் கட்டிய ஸ்டேஷன் எங்கள் ஊர் ஸ்டேஷன். சித்தூருக்கு அந்தண்டை, மீட்டர் கேஜ் லைன் இருந்த காலத்துச் சின்ன ஸ்டேஷன். அகல ரயில் பாதை போட்டபோது பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். பழைய படம் ஒன்று அவரிடம் இருந்ததால் அதைப் பார்த்துக் கட்டினார். இது எங்க ஊர் சார் என்று நான் வாய் தவறி முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாராவது ரயில்வேயில் இருந்தார்களா என்று கேட்டார். அம்மா இருந்தாங்க என்றேன். எதில் என்றார். ஆபீஸ்ல சார் என்றேன்.

என் அம்மா அந்த ஸ்டேஷனில் ஸ்வீப்பர். கிட்டத்தட்ட முப்பது வருஷம். பிளாட்பாரம், தண்டவாளம், கக்கூஸ், சுவர் எல்லாம் அவள் கைதான். நான் பள்ளிக்கூடம் போகும்போது ஸ்டேஷன் வழியாகப் போனால் ஐந்து நிமிஷம், சுற்றிக்கொண்டு போனால் இருபது நிமிஷம். நான் சுற்றிக்கொண்டுதான் போவேன். கூடப் படித்தவர்களிடம், ஐ.டி.ஐ.யில், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, அம்மா ரயில்வேயில் இருக்காங்க என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் கேட்டால் ஆபீஸ். அந்தப் பொய் எனக்கு மூச்சு விடுகிற மாதிரி பழகிப்போயிருந்தது. என்னைப் பற்றி எனக்கே குமட்டுகிற விஷயம் இது ஒன்றுதான்.

சித்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் ரயில் பொம்மைக் கண்காட்சி நடத்தப் போகிறார்கள், அதில் இந்த ஸ்டேஷனை வைக்க வேண்டும் என்று வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் மாடிக்குப் போனால் பிளாட்பாரத்துச் சுவரை முடித்து வைத்திருந்தார். மேல் பாதி புகை ஏறிய கறுப்பு. கீழ்ப் பாதி வெளுப்பு. இரண்டுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்த மாதிரி நேர்க் கோடு. டேப் ஒட்டி அடித்திருந்தார். இது என்ன சார் என்று கேட்டேன். பழைய படத்தைப் பெரிதாக்கிக் கம்ப்யூட்டரில் காட்டினார். அந்தக் காலத்தில் சுவருக்குக் கீழே பார்டர் மாதிரி வேறு பெயிண்ட் அடிப்பார்கள், அதுதான் இது, நாளாகி ஓரம் உதிர்ந்து கோணலாகத் தெரிகிறது, நான் நேராக்கிவிட்டேன் என்றார்.

நான் படத்தைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனாலும் நன்றாகத் தெரிந்தது. வெளுத்த பட்டையின் மேல் ஓரம் கோணல் இல்லை. அரை வட்டம் அரை வட்டமாக, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, சுவர் நெடுக வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவும் ஒரு கை வீச்சு. எல்லா வளைவும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது, வழக்கமான பக்கத்துக்கு எதிர்ப் பக்கம். எங்கள் அம்மா பீச்சாங்கைக்காரி. எங்கள் பக்கம் இடது கைக்கு அதுதான் பேர். சொன்னாலே முகம் சுளிக்கிற பேர். அந்தக் கையால் சோறு பரிமாறினால் வாங்க மாட்டேன் என்று சொன்ன சொந்தக்காரர்கள்கூட உண்டு. அந்தக் கை எட்டின மட்டும் அந்தச் சுவர் வெளுத்திருந்தது. எட்டாத இடத்தில் கரி.

அழுக்கை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த மனுஷருக்குச் சுத்தத்தைப் படிக்கத் தெரியவில்லை. ஒரு சுவர் வெளுப்பாக இருந்தால் அதை யாராவது கழுவியிருப்பார்கள் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. பெயிண்ட் அடித்திருப்பார்கள் என்றுதான் தோன்றியிருக்கிறது. மூன்று நாள் கண்காட்சியில் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து பார்க்கப் போகிறார்கள். அம்மாவும் சித்தூரில் என் தங்கை வீட்டில்தான் இருக்கிறாள், அவளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று நினைத்திருந்தேன். முப்பது வருஷம் தேய்த்த சுவரை ஒருத்தர் டேப் ஒட்டிப் பெயிண்ட் ஆக்கிவிட்டார். அதைச் சரி பண்ண வேண்டும் என்றால் நான் என் பொய்யை எடுத்து மேஜையில் வைக்க வேண்டும். வாசல் வரை போனேன். திரும்பி வந்தேன்.

"சார், அது பெயிண்ட் இல்ல" என்றேன்.

"பின்ன?"

"கழுவுனது."

"யாரு கழுவுனது?"

"எங்கம்மா. ஆபீஸ்னு சொன்னது பொய் சார். அந்த ஸ்டேஷன்ல ஸ்வீப்பரா இருந்தாங்க. எடது கையால தேச்ச சுவரு அது."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது மாறும், கொஞ்சம் பின்னால் நகர்வார், நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று மனைவியை விட்டுச் சொல்வார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அப்படி எதையாவது செய்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்து படத்தை இன்னும் பெரிதாக்கினார். ஒவ்வொரு வளைவாக விரல் வைத்துப் பார்த்தார். எடம செய்யா, எடம செய்யா என்று, இடது கையா என்பதைத் தெலுங்கில் முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்தார். கண் மினுங்கியது.

"உங்கம்மா உயரம் எவ்ளோப்பா?"

ஐந்து அடிக்கு ஓர் அங்குலம் குறைவு என்றேன். கையைத் தூக்கி பிரஷ்ஷும் பிடித்தால் ஆறரை அடி வரும் என்று அவரே போட்டார். எண்பத்தேழால் வகுத்தார். "இருபத்திமூணு மில்லிமீட்டர்" என்று சொல்லிவிட்டு மேஜைச் சுவரில் ஸ்கேல் வைத்துப் பார்த்து, இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று என்னைக் கோபித்துக்கொண்டார். நான் நாற்பது வருஷமாக மறைத்து வைத்திருந்த விஷயம் அவருக்கு ஓர் அளவாகப் போய்விட்டது. கோபப்படுவதா அழுவதா என்று தெரியாமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

மாதம் ஒரு தடவை அவர் காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்க்கப் போவார். அந்த வாரம் அப்படிப் போகிறபோது அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். தரிசனம் முடித்துத்தான் தங்கை வீட்டுக்கு வந்தோம். நெற்றியில் குங்குமம் காயவில்லை. தங்கை காபி கொண்டு வந்து நீட்டினாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "கோயிலுக்குப் போறேன்மா. சாமி பாக்கறதுக்கு முன்னால பச்சைத் தண்ணிகூடக் குடிக்கறதில்ல" என்றார். தங்கை அவர் நெற்றியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். டம்ளரை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது.

அம்மா அதைக் கவனித்தாளா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் வேறு ஓர் உலகத்தில் இருந்தாள். அவர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். எச்சில் கறைக்கு என்ன போடுவீர்கள், எண்ணெய்க் கறைக்கு என்ன, எஞ்சின் புகை போகுமா போகாதா, மேலிருந்து கீழே தேய்ப்பீர்களா, கீழிருந்து மேலேயா, தண்ணீர் வழிந்தால் எப்படிக் காயும். அம்மா முதலில் வெட்கப்பட்டாள். பிறகு விடவில்லை. எச்சிலுக்கு முதலில் சுண்ணாம்புத் தண்ணீர் அடித்து ஊற விட வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு பரவிவிடும் என்றாள். எண்ணெய்க்குச் சாம்பல்தான், பவுடரெல்லாம் சும்மா என்றாள். எஞ்சின் புகை மட்டும் எவனாலும் எடுக்க முடியாது, அது சுவருக்குள்ளேயே போய்விடும் என்றாள்.

பிறகு எழுந்து நின்று காட்டினாள். எழுபது வயசு, மூட்டு வலி, ஒரு கையால் தங்கை வீட்டு பீரோவைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பீச்சாங்கையைச் சுவர் மேல் வீசி வீசிக் காட்டினாள். மெதுவாம்மா, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அவர் சொல்லச் சொல்லச் சிரித்துக்கொண்டே செய்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார், முதுகு சாயவில்லை, கை எதிலும் படவில்லை. வெளியே வந்து காரில் ஏறியதும் சானிடைசர் பாட்டிலைத் திறந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு போனிலும் அம்மா அவரைப் பற்றித்தான் கேட்டாள். சார் நல்லா கீறாரா, சார் மறுபடி எப்போ வருவாரு. காபி விஷயத்தைச் சொல்லி, அவர் ஒரு மனுஷரே இல்லை என்று ஒரு நாள் கத்தினேன்.  போவட்டும் வுடுடா, கேட்டாரு இல்ல என்றாள் அம்மா. எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சுவரை எப்படிம்மா கழுவின என்று நான் ஒரு நாளும் அவளைக் கேட்டதில்லை.

கண்காட்சியில் அந்தச் சுவருக்கு முன்னால் குனிந்து நின்று பார்த்தேன். டேப் ஒட்டிய கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்திருந்தார். அரை வட்டங்கள் எல்லாம் இடது கைச் சாய்வில், இருபத்திமூன்று மில்லிமீட்டரில். பெஞ்சு இருந்த இடத்தில் மட்டும் அம்மா மேலே ஏறி நின்று தேய்த்ததால் பட்டை கொஞ்சம் உயர்ந்திருந்தது. குழாயடியில் சுண்ணாம்புத் தண்ணீர் வழிந்த தடம். எனக்கு பினாயில் வாசனையே வந்துவிட்டது. இவ்வளவு கேவலமான ஒரு மனுஷன் இவ்வளவு சரியாக ஒரு காரியத்தைச் செய்ய முடியும் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. தப்பாகச் செய்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூட்டத்தில் இடம் பிடித்து அவளை மேஜைக்கு முன்னால் கொண்டு போனேன். பிளாட்பாரத்தில் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் ஒயர் இழுத்த விளக்குகள் எல்லாம் எரிந்தன. அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வேப்பமரம் கீது, பம்பு கீது, இந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும் என்றாள். சுவரைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பிளாட்பாரத்தில் அரை விரல் உயரத்துக்குக் குட்டிக் குட்டி மனுஷர்கள் நின்றார்கள். பச்சைக் கொடியோடு ஸ்டேஷன் மாஸ்டர், வடை விற்கிறவன், போர்ட்டர், பெட்டியோடு ஒரு குடும்பம், ஒரு நாய், மூலையில் குனிந்து எச்சில் துப்புகிற ஒருத்தன். அம்மா அந்த மனுஷர்களை ஓரத்திலிருந்து ஓரம் வரை இரண்டு தடவை பார்த்தாள்.

"நைனா, நான் எங்கடா கீறேன்?" என்றாள் என்னிடம்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. சுவர் சரியாக இருக்க வேண்டும் என்றுதான் மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற அவரிடம் போய், ஸ்வீப்பர் பொம்மை ஒன்று வைக்கவில்லையா சார் என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, அம்மாவுக்குப் புரியக் கூடாது என்று தெலுங்கில் சொன்னார்.

"அவன்னீ பெடிதே சூடடானிகி பாகுண்டதுப்பா."

அதெல்லாம் வைத்தால் பார்க்க நன்றாக இருக்காதாம். சித்தூர்ப் பக்கமே பிறந்து வளர்ந்து, முப்பது வருஷம் தெலுங்கு அதிகாரிகளிடம் திட்டு வாங்கினவளிடம் தெலுங்கில் ஒளித்துப் பேசுகிறார். எச்சில் துப்புகிறவனுக்கு இடம் இருக்கிறது. அவன் துப்பின எச்சிலுக்கு இடம் இருக்கிறது. ஊர் ஊராக நின்று, மூத்திரச் சுவரைச் சுரண்டி வரச் சொல்லி, வறுத்து, சலித்து, பாட்டிலில் அடைத்து வைத்த மனுஷனுக்குத் துடைப்பத்தோடு நிற்கிற ஒரு பெண்பிள்ளை பார்க்க நன்றாக இல்லை. வாய் வரை வந்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவில் அவரைக் கேட்கிற கேள்வியில் அந்த மேஜையே கவிழ வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"சார் சரியாத்தான் வெச்சிக்கிறாரு. வண்டி நிக்குது இல்ல? வண்டி நிக்கற நேரத்துல எங்கள வெளிய நிக்க வுட மாட்டாங்க. வெளக்கு வெக்கற லாம்ப் ரூமுக்குப் பின்னால போய் உக்காந்துக்கணும். வண்டி பூட்டப்புறம்தான் வரணும்."

சிரித்த முகமாகத்தான் சொன்னாள். அவரைக் காப்பாற்றுகிற மாதிரி. அவர் முகம் அப்படியே மலர்ந்தது. என்னைப் பார்த்து, பாத்தியா என்கிற மாதிரி புருவத்தை உயர்த்தினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்தார், எப்போதும் விடுகிற அந்த இரண்டு அடி இடைவெளியை விட்டு. லாம்ப் ரூமுக்குப் பின்னால் எந்த இடம், தரையிலா உட்காருவீர்கள், சுவரில் சாய்வீர்களா, எவ்வளவு நேரம் என்று கேட்டார். சாய்ந்தால் அங்கே எண்ணெய்க் கறை இருக்குமே என்றார்.

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். வாம்மா போகலாம் என்று இழுத்தேன். அவள் என் கையை உதறிவிட்டாள்.

"இருடா. சார் கேக்கறாரு இல்ல."